கோஸ்டாரிகா போகலாமா, மணிமுத்தாறு போதுமா?

வந்த கடிதம் இது, கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்:

"அக்கா, நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. பாளையங்கோட்டையில் விலங்கியல் முதுகலை முடித்து, அங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் வருடம் நடக்கிறது. தலைப்பு எறும்புகள். மத்திய அமெரிக்காவில் இருக்கிற கோஸ்டாரிகாவில் ஆராய்ச்சி மாணவர்களுக்கு வெப்பமண்டலச் சூழலியலில் சில வாரக் களப்பயிற்சி நடப்பதாக ஒரு சீனியர் சொன்னார். விண்ணப்பிக்க ஆசையாக இருக்கிறது. என் கைடு, 'எல்லாம் நம்ம மலையிலேயே இருக்கு, அங்க போய் ஒன்றரை மாசத்த வீணாக்காதே, தீசிஸுக்கு ஒரு பக்கம்கூடத் தேறாது' என்கிறார். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்கு ரைஸ்மில்லில் வேலை. நகையை வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அம்மா, அப்பா வாயே திறக்கவில்லை. என் இங்கிலீஷும் சுமார்தான். போகலாமா? போகாவிட்டால் எதையாவது இழந்துவிடுவேனா? போவதென்றால் என்னென்ன வாங்க வேண்டும், பைனாகுலரில் எது நல்லது?" — ச.

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. விண்ணப்பம் போடுங்கள். முழு உதவித்தொகை கிடைத்தால் போங்கள். கிடைக்கவில்லையென்றால் அம்மாவின் நகையைத் தொடாதீர்கள், ஏனென்றால் அந்தப் பயிற்சி கொடுக்கிற முக்கியமான விஷயத்தை நகை வைக்காமலே வேறு வழியில் பெரும்பாலும் பெற்றுவிடலாம். அது என்ன விஷயம் என்று தெரிந்துகொண்டால் போகலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

உங்கள் கைடு சொன்னதில் பாதி சரி. நம் ஊர்க்காரர்கள் பலருக்குத் தாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போய், சோதனைச்சாவடி தாண்டி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஏறினால், முள்ளும் உடைமரமும் நிற்கிற காய்ந்த புதர்க்காட்டில் கிளம்பி, இலையுதிர் காடு கடந்து, வெயிலே தரையில் விழாத பசுமைமாறாக் காட்டுக்குள் ஒரே பகலில் போய்விடலாம். காக்காச்சியில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் தென்மேற்குப் பருவமழை வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் பெய்கிறது. கீழே அம்பாசமுத்திரம் தாண்டிக் கிழக்கே போகப் போக வானம் கைவிரித்துவிடும். கோஸ்டாரிகா பயிற்சியில் ஈரக்காடு, மலைக்காடு, வறண்ட காடு என்று மாணவர்களை வண்டியில் ஏற்றி ஒவ்வொரு நிலையமாகக் கூட்டிப்போவார்கள். இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை அலைச்சலும். நமக்கு அது மணிமுத்தாறு ரோட்டிலேயே கிடக்கிறது.

காக்காச்சிக் காட்டில் வெடிப்பலா பூக்கிற காலத்தில் போனீர்களென்றால் சிங்கவால் குரங்குகள் அந்தப் பூவைக் கொத்துக் கொத்தாகத் தின்பதைப் பார்க்கலாம். கிளையிலேயே ஒட்டிக்கொண்டு பூக்கிற, இதழே இல்லாத பூ. அதன் மகரந்தச் சேர்க்கைக்கு வௌவாலும் மற்ற மரவாழ் பாலூட்டிகளும் உதவுகின்றன என்பதை அந்தக் காட்டின் உச்சாணிக் கிளைகளில் ஏறி உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள், ஆய்வாளர்கள் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும். உலகத் தரமான வேலை, உங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் நடந்தது. ஆகவே காடு பார்ப்பதற்காகக் கோஸ்டாரிகா போக வேண்டாம். அதில் கைடு சொல்வதுதான் சரி.

ஆனால் களப்பயிற்சி காடு பார்க்கிற சுற்றுலா இல்லை. அங்கேதான் அவரோடு நான் ஒத்துப்போகவில்லை.

நீங்கள் சொல்கிற பயிற்சியை நடத்துவது வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு, சுருக்கமாக ஓ.டி.எஸ். அமெரிக்க, கோஸ்டாரிகப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1963இல் தொடங்கியது. 1968இல் லா செல்வா என்கிற தாழ்நில மழைக்காட்டு நிலையத்தை வாங்கினார்கள். இன்றைக்கு அது சுமார் 1,600 ஹெக்டேர், வருடத்துக்கு ஏறக்குறைய நான்கு மீட்டர் மழை. தெற்கே மலைப்பகுதியில் லாஸ் க்ரூசெஸ், வடமேற்கின் வறண்ட காட்டில் பாலோ வெர்தே என்று இன்னும் இரண்டு நிலையங்கள். சூழலியல் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கிற பெயர்கள் பலவும் ஏதோ ஒரு வருடம் மாணவராகவோ ஆசிரியராகவோ அந்தப் பக்கம் போய் வந்தவைதான். அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சன் 1963இல் கோஸ்டாரிகாவில் நடந்த ஒரு வெப்பமண்டல உயிரியல் பயிற்சிக்கு மாணவராகப் போனார், 1965இல் ஆசிரியராகத் திரும்பி வந்தார். தாய்மரத்துக்குப் பக்கத்தில் விழுகிற விதையும் முளைக்கிற கன்றும் அந்த மரத்துக்கே உரிய பூச்சிக்கும் நோய்க்கும் பலியாகின்றன, தள்ளி விழுபவை தப்பிக்கின்றன, அதனால்தான் ஒரே இனம் காட்டைப் பிடித்துக்கொள்ளாமல் பல இனங்கள் கலந்து நிற்க முடிகிறது என்ற கருத்தை 1970இல் எழுதினார். அடுத்த வருடமே ஜோசப் கொனல் ஆஸ்திரேலியக் காட்டை வைத்து அதையே தனியாகச் சொன்னார். இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இன்றைக்கும் நிற்கிறது. வகுப்பில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது ஒரு கோட்பாடு, அவ்வளவுதான். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கன்றுகளை எண்ணத் தொடங்கும்போதுதான், எத்தனை மீட்டர் வரை "பக்கம்", பக்கத்திலேயே இன்னொரு தாய்மரம் நின்றால் என்ன செய்வது, போன வருடக் கன்றையும் இந்த வருடக் கன்றையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்விகளெல்லாம் வரும்.

இந்த மாதிரிப் பயிற்சியில் ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலையில் காட்டுக்குள் நடை. ஆளாளுக்கு என்ன பார்த்தோம், எதில் சந்தேகம் வந்தது என்று சொல்ல வேண்டும். அதில் ஒரு கேள்வியை எடுத்து, மூன்று நான்கு பேர் சேர்ந்து, மத்தியானத்துக்குள் எப்படி அளப்பது என்று முடிவு செய்து, போய் அளந்து, மாலையில் கணினியில் போட்டுப் பார்த்து, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் நின்று சொல்ல வேண்டும். கேள்வி கேட்பார்கள், சுக்குநூறாக்குவார்கள். மறுநாள் வேறு ஆசிரியர், வேறு கேள்வி. கடைசி வாரங்களில் உங்களுடையதே ஒன்று. முனைவர் பட்டத்தில் மூன்று நான்கு வருடம் இழுத்துச் செய்கிற அதே காரியம், கேள்வியிலிருந்து முடிவு வரை, ஒரே நாளில் முழுதாக நடந்து முடிகிறது. திரும்பத் திரும்ப நடக்கிறது. அதனால்தான் அதற்கு மதிப்பு.

இதை நம் ஊர் உதாரணத்திலேயே காட்டுகிறேன், ஏனென்றால் நாளைக்கே நீங்கள் இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழியானை தெரியும்தானே? திண்ணை ஓரத்தில், கோயில் மண்டபத்தடியில், மழை படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சின்ன வயதில் துரும்பை விட்டுக் கிளறிப் பிடித்து உள்ளங்கையில் விட்டிருப்பீர்கள், பின்பக்கமாகவே நடக்கும். தும்பி போல இறக்கை முளைக்கப்போகிற ஒரு பூச்சியின் புழு அது. புனலின் அடியில் கொடுக்குத் தாடைகள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரிப் புதைந்து கிடக்கும். எறும்பு ஓரத்தில் சறுக்கினால் மண்ணை அள்ளி மேலே வீசும், வீச வீச சரிவு உடைந்து எறும்பு அடிக்கே வந்து சேரும். உங்கள் தலைப்பே எறும்பு, ஆக இது உங்கள் எறும்புகளின் எமன்.

சரி, கேள்வி: நிழலில் இருக்கிற குழி பெரிதா, வெயில் படுகிற இடத்துக் குழி பெரிதா? எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு வேப்பமரத்தடியில் ஐம்பது குழி, எதிரே வெயில் படுகிற சுவரோரம் ஐம்பது குழி, ஸ்கேல் வைத்து விட்டம் அளந்தாயிற்று. சராசரி போட்டால் வித்தியாசம் தெரிகிறது, அந்த வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கிற டி-டெஸ்ட் கணக்கும் 'உண்மையான வித்தியாசம்தான்' என்கிறது. சந்தோஷமாக ராத்திரி எழுந்து நின்று சொல்வீர்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்பார்: "உங்களிடம் எத்தனை நிழல் இருக்கிறது?" ஒன்றுதான், ஒரே ஒரு மரம். அந்த மரத்தடி மண் பொடியாக இருப்பதால் குழி பெரிதாகியிருக்கலாம், அங்கே எறும்புப் புற்று பக்கத்தில் இருக்கலாம், கோழி கிளறாத மூலையாக இருக்கலாம். நிழலைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பத்து மரம் வேண்டும், பத்து வெயில் இடம் வேண்டும். ஒவ்வொரு மரத்தடியிலும் ஐந்து குழி அளந்தால் போதும். ஒரே மரத்தடியில் ஐம்பது அளந்தாலும் கணக்கில் அது ஒன்றுதான். இந்தத் தவறு எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதி உலகத்தையே உலுக்கினார். போலிப் பிரதி என்று சொல்லலாம் அதை. இன்றைக்கும் நம் பல்கலைக்கழகங்களுக்கு வருகிற தீசிஸ்களில் இது உட்கார்ந்திருக்கிறது. ஒரு தோட்டம், ஒரு காடு, இரண்டிலும் நூறு நூறு பொறி வைத்து எறும்பு பிடித்து, "தோட்டங்களில் எறும்பு இனங்கள் குறைவு" என்று முடிவு எழுதியிருப்பார்கள். அது தோட்டங்களைப் பற்றிய முடிவு இல்லை, அந்த ஒரு தோட்டத்தைப் பற்றியது.

இதை மூன்றாம் வருடம் தீசிஸ் எழுத உட்காரும்போது தெரிந்துகொண்டால் இரண்டு வருட வேலை போச்சு. களப்பயிற்சியில் தெரிந்துகொண்டால் ஒரு சாயங்காலம்தான் போகும். கைடிடம் இதைச் சொல்லுங்கள். தீசிஸுக்கு ஒரு பக்கம் தேறாது என்றாரே, பக்கமாகத் தேறாமல் இருக்கலாம், முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரைக்கும் தேறும்.

அப்புறம், எறும்பு ஆராய்ச்சி செய்கிறவருக்கு அந்தக் கண்டத்துக்குப் போவதில் இன்னொரு லாபம் உண்டு, இது எல்லோருக்கும் பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும். லா செல்வாவில் நடைபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இலைவெட்டி எறும்புகள் ஊர்வலம் போகும், ஒவ்வொன்றும் தலைக்கு மேல் ஒரு இலைத்துண்டைப் பாய்மரம் போலத் தூக்கிக்கொண்டு. அந்த இலையை அவை தின்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய் அரைத்து அதில் பூஞ்சை வளர்க்கின்றன. எறும்பு செய்கிற இந்த விவசாயம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அந்த வேலையைச் செய்வது யார்? கறையான். முதல் மழைக்குப் பிறகு நம் ஊரில் புற்றுக்காளான் பறித்து வந்து குழம்பு வைப்பார்களே, அது கறையான் தன் புற்றுக்குள் பயிரிட்ட பூஞ்சையின் பூ. அங்கே எறும்பு, இங்கே கறையான், தொழில் ஒன்று. ஒன்றை மட்டும் பார்த்தவருக்கு அது இயற்கையின் ஒரு வேடிக்கை. இரண்டையும் பார்த்தவருக்குத்தான் 'ஏன் அங்கே எறும்பு, ஏன் இங்கே கறையான்' என்ற கேள்வி வரும்.

அதே மாதிரிதான் முள்மரமும். மத்திய அமெரிக்காவில் ஒரு வகை முள்மரத்தின் உப்பிய முள்ளுக்குள் எறும்பு குடியிருந்து, மரம் சுரக்கிற தேனைக் குடித்து, இலை தின்ன வருகிறவற்றைக் கடித்து விரட்டும். ஜான்சனின் முனைவர் பட்ட ஆய்வே அதுதான். நம் கருவேலத்தின் இலைக்காம்பிலும் சின்னச் சுரப்பி உண்டு, எறும்பு வந்து நக்கும், ஆனால் முள்ளுக்குள் குடித்தனம் கிடையாது. ஆமணக்கு இலைக்காம்பிலும் சுரப்பி இருக்கிறது, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆக, போய்விட்டு வந்தால் கன்னடியன் கால்வாய்க் கரையில் நிற்கிற ஆமணக்கே உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். இது கிடைக்காமல் போனால் இழப்புதான், இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குழியானைப் பாடம்தான் அவசியமானது, இது அதற்கு மேல் கிடைக்கிற வரவு.

இப்போது பணம். விமானக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், விசா, காப்பீடு எல்லாம் சேர்த்தால் உங்கள் வீட்டு நிலைமையில் அது கடன் வாங்கிச் செய்கிற காரியமே இல்லை. விண்ணப்பிக்கும்போதே கட்டணச் சலுகை எவ்வளவு, பயணச் செலவு அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம், கேட்பதற்காகத்தான் அந்த அலுவலகம் இருக்கிறது. ஒரு விஷயம் பலரும் கவனிக்காமல் மாட்டிக்கொள்கிறார்கள்: அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அமெரிக்க டிரான்சிட் விசா வேண்டும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று அந்த வழியைப் போட்டுவிடாதீர்கள்.

கோஸ்டாரிகா அமையவில்லையென்றால் ஆசியாவிலேயே தேடுங்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சிசுவாங்பன்னா வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆசிய மாணவர்களை மனதில் வைத்து இதே பாணியில் சில வாரப் பயிற்சி நடத்தி வந்திருக்கிறது. கேம்பிரிட்ஜில் இயங்கும் வெப்பமண்டல உயிரியல் சங்கம் ஆப்பிரிக்காவிலும் போர்னியோவிலும் ஒரு மாத அளவிலான பயிற்சிகளை நடத்தி வந்திருக்கிறது. இந்த வருடம் எது உண்டு, யாருக்கு இடம் என்பதை அவரவர் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் மாணவர்களுக்காகவே நடக்கும் பாதுகாப்பு அறிவியல் மாநாட்டில் பயிற்சிப் பட்டறைகளும் உண்டு, ராத்திரி ரயிலேறினால் காலையில் போய்விடலாம். எந்தப் பயிற்சியானாலும் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: மாணவர்கள் எத்தனை தடவை தாங்களே கேள்வி எழுப்பி முடிவு வரை போகிறார்கள்? ஆசிரியர் முன்னால் நடந்து மரத்தின் பெயரைச் சொல்ல, மாணவர்கள் பின்னால் நடந்து எழுதிக்கொள்கிற பயிற்சி என்றால், எந்த நாட்டில் நடந்தாலும் சரி, வேண்டாம்.

இனி, காத்திருக்கிற காலத்தில் என்ன செய்வது? புலிகள் காப்பகத்துக்குள் ஆராய்ச்சி என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், உங்கள் மலை இருக்கிற களக்காடு முண்டந்துறை அதில் கண்டிப்பான இடம், அப்படி இருப்பதுதான் சரி. 1988இலிருந்து புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதலாவது. கைடு வழியாக விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். அனுமதி கிடைத்துக் காட்டுக்குள் போகும்போது அந்த மலையில் வாழ்கிற பழங்குடிகளான காணிக்காரர்களில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால், நாள்கூலியை முழுதாகக் கொடுங்கள், தீசிஸிலும் கட்டுரையிலும் அவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். மரத்தைப் பட்டையை வெட்டி முகர்ந்து அடையாளம் சொல்கிறவர்களின் அறிவை வாங்கிக்கொண்டு "உள்ளூர் உதவியாளர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அனுமதி வருகிற வரை ஊரே காடு. கன்னடியன் கால்வாய் ஓரம், தாமிரபரணிப் படித்துறை, வயல் வரப்பு, பனங்காடு, கல்லூரி வளாகம் போதும். உங்களைப் போல நான்கைந்து பேரைச் சேருங்கள், தாவரவியலில் ஒருவர், கணக்கு தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. பொங்கல் லீவில் ஒரு வாரம், தினம் ஒரு கேள்வி. காலையில் கேள்வி, மத்தியானம் அளவு, ராத்திரி யார் வீட்டு மொட்டைமாடியிலாவது ஒரு சார்ட் பேப்பரில் வரைந்து ஒருவர் சொல்ல மற்றவர்கள் குடைய வேண்டும். பனையில் தூக்கணாங்குருவிக் கூடு எந்தத் திசையில் அதிகம்? முசுறு ஏறிய மாமரத்தில் வேறு எறும்பு ஏறுமா? குளத்தில் தண்ணீர் வற்ற வற்ற எந்தக் கொக்கு முதலில் இடம் மாறுகிறது? ஒவ்வொன்றையும் ஒரு நாளில் தொட்டுவிடலாம், ஒன்றும் சரியாக வராது, ஏன் வரவில்லை என்று ராத்திரி பேசுவதுதான் பாடம். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011லிருந்து சனவரி வாக்கில் நடந்துவருகிறது, மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். போங்கள். ஒரே குளத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, இரண்டு எண்ணும் ஒத்துவராமல் நிற்பதைப் பார்ப்பது பெரிய படிப்பு.

இங்கிலீஷ் பற்றிச் சொன்னீர்கள். ஓ.டி.எஸ். ஸ்பானிஷிலும் பயிற்சிகள் நடத்துகிறது, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவர்களோடு வருடக்கணக்கில் வேலை செய்து பழகியவர்கள். வரைபடத்தைக் காட்டி, "இது நிழல், இது வெயில், இது வித்தியாசம்" என்று சொல்லத் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பயம் போக ஒரே வழி, மொட்டைமாடிப் பேச்சில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஐந்து நிமிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பது. திக்கினால் திக்கட்டும், நின்றுவிடாதீர்கள்.

அப்பா ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது, ஆனால் பெரும்பாலும் பணத்தைவிடப் பயம்தான் காரணமாக இருக்கும். அந்தப் பயத்தை "ஒன்றும் ஆகாதுப்பா" என்று தள்ளிவிடாதீர்கள். அவருக்கு உருப்படியான தகவல் கொடுங்கள்: தங்குமிடம் எது, அறையில் யார் யார், பொறுப்பாளர் பெயர் என்ன, ராத்திரியில் போன் எடுக்கிறவர் யார், பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம். கூடவே, நடத்தை விதிமுறை எழுத்தில் இருக்கிறதா, பாலியல் தொல்லை நடந்தால் யாரிடம் புகார் சொல்ல வேண்டும் என்றும் பயிற்சி நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். களவேலையில் பெண்களுக்கு இது நடக்கிறது, காட்டுக்குள் ஜீப்பும் சாவியும் சம்பளமும் ஒரே ஆளின் கையில் இருக்கிற இடங்களில் நடக்கிறது, பேசாமல் விட்டதால்தான் நடந்துகொண்டே இருக்கிறது. இங்கேயும் அதே கேள்வியைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி கல்லூரிப் படிப்புக்காகப் போகிற களப்பயணமும் வளாகத்தில் அடக்கம், கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் சொல்லலாம். தெளிவான பதில் தராத இடத்துக்குப் போகாதீர்கள், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

விண்ணப்பக் கட்டுரையில் "சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். மொட்டைமாடியில் தோற்ற ஒரு கேள்வியை எழுதுங்கள்: என்ன பார்த்தேன், எப்படி அளந்தேன், எங்கே பிசகியது, அடுத்த தடவை எப்படிச் செய்வேன். தேர்வு செய்கிறவர்களுக்கு அது போதும். சிபாரிசுக் கடிதத்துக்குக் கைடைத்தான் கேட்க வேண்டும், அவரை எதிரியாக்கிக்கொண்டு போகாதீர்கள். எறும்பு சேகரிக்கிற மாதங்கள் எவை, பயிற்சி எந்த மாதம், அந்த இடைவெளியில் என் வேலை எப்படி நிற்காது என்று ஒரு பக்கம் எழுதி அவர் மேசையில் வையுங்கள். தன் மாணவி ஓடிப்போகவில்லை, வேலையோடு திரும்பி வருவாள் என்று தெரிந்தால் பெரும்பாலான கைடுகள் இறங்கி வருவார்கள்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பைனாகுலர் 8×42 அளவில் எந்த நல்ல கம்பெனியானாலும் சரி, 10×50 கனம், கை நடுங்கும். ஆனால் எறும்புக்காரிக்கு அதைவிட முக்கியம் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கயிறு கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பைனாகுலரை இரவல் வாங்கினால் போதும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் லா செல்வாவில் பாம்புக்கும் சேற்றுக்கும் கட்டாயம். காக்காச்சிக்கு என்றால் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருகிற காலுறை தைத்துக்கொள்ளுங்கள், அட்டைக்குத் தடவுகிற உப்பும் மூக்குப்பொடியும் மழையில் கரைந்துவிடும். பேனா வேண்டாம், பென்சில், நனைந்தாலும் எழுத்து அழியாது.

இதையெல்லாம் விட முதலில் பாஸ்போர்ட். இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள், திருநெல்வேலியிலேயே சேவா கேந்திரம் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரித்து, பான் கார்டில் வேறு மாதிரி என்று இருந்தால் விசா நேரத்தில் உயிரை எடுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டு, பயிற்சி விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள்.